தோபா ஏரியும் மீன்மகள் கதையும்

மலைநாடுகளிற் பயணஞ் செய்வோர் அழகிய நீர்நிலையொன்றைக் கண்டவிடத்து இரண்டு வினாக்களை எழுப்புதல் இயல்பு. இத்துணை நீர் இவ்விடத்தே வந்து தங்கியவாறு யாது என்பது ஒன்று. இதனைப்பற்றி இவ்வூரார் கூறுங் கதை யாது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை கூறுவார் நிலநூல் வல்லார். இரண்டாவதற்கு விடை கூறுவார் ஊர்ப் பெரியோர். இவ்விரு விடைகளும் தம்முள் வேறுபடுங்கால், கற்றாருள் ஒரு சாரார் கதையைப் பேதைமை யென்று புறந்தள்ளுகின்றனர். மற்றொரு சாரார், கதையினுள்ளேயே விஞ்ஞானம் மறைந்து கிடக்கின்றதெனச் சாதிக்கப் புகுகின்றனர். இவ்விரு சாராரும் கதைக்குத் தீங்கிழைப்பவரே யென்பது எமது கருத்து. சுமத்திராத் தீவிலுள்ள தோபா ஏரியைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை ஈண்டு விளக்க விரும்புகின்றோம்.

சுமத்திராவின் வடபகுதியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பாரிசான் மலைத்தொடரின் நடுவே இவ்வேரி பரந்து கிடக்கின்றது. இதன் நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அகலம் 30 கிலோமீட்டர். மிக ஆழ்ந்த விடத்தில் ஆழம் 500 மீட்டருக்கும் மேற்பட்டது. எரிமலையால் உண்டான ஏரிகளுள் உலகிலேயே மிகப் பெரியது இதுவே. மேடான் நகரினின்று தெற்கு நோக்கிச் செல்வோர், இரப்பர்த் தோட்டங்களையும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களையும் கடந்து, வளைந்து வளைந்து மலையேறிப் பாராப்பாட் என்னுந் துறையை அடைவர். அவ்வளவில் வெப்பந் தணிந்து குளிர்காற்று வீசும். பைன் மரங்கள் அடர்ந்த சரிவுகளின் கீழே, கடலோவென ஐயுறும்படி நீல நீர் தோன்றும். காலையில் வெண்பனி மூடிக் கரைகாணாது கிடக்கும் அந்நீர், வெயிலேற ஏறத் தெளிந்து, சுற்றிலும் செங்குத்தாய் நிற்கும் மலைச்சுவர்களைத் தன்னுட் காட்டும். வடகோடியில் சிபிசோ பிசோ என்னும் அருவி ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தினின்று வீழ்கின்றது. சேர்ந்த நீர் வெளியேறுதற்கு உள்ள வழி அசகான் என்னும் ஓராறே.

ஏரியின் நடுவே சமோசிர் என்னுந் தீவு உளது. இது சிங்கப்பூர்த் தீவினும் சற்றே சிறியது. முன்னர் மேற்குக் கரையோடு ஒடுங்கிய நிலப்பகுதியொன்றால் இணைந்திருந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் ஆங்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டமையால் முழுத் தீவாயிற்று. தீவின் மேலே சிதிகோனி என்னும் சிற்றேரியும் உளது. ஏரியினுள் தீவும், தீவினுள் ஏரியுமாக அமைந்த இக்காட்சி யாவர்க்கும் வியப்பளிக்க வல்லது. படகேறித் தீவை அடைவோர், கட்டைக் கால்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டு, இருமுனையும் மேனோக்கி வளைந்த கூரையையுடைய பத்தாக் மக்களின் வீடுகளைக் காண்பர். தோமோக் என்னுமூரில் பழந்தலைவர்களின் கற்பேழைக் கல்லறைகளும், அம்பரித்தா என்னுமூரில் பெரியோர் கூடி வழக்குத் தீர்த்த கல்லிருக்கைகளும் இன்றும் உள்ளன.

இனி, ஏரியின் பிறப்பைப்பற்றி வழங்கும் கதையைக் கூறுவோம். இது பல வடிவங்களில் வழங்குகின்றது. பலரும் கூறும் வடிவம் வருமாறு. தோபா என்னும் ஏழை உழவன் ஒருவன் ஒருநாள் ஆற்றிற் பொன்னிற மீனொன்றைப் பிடித்தான். வீட்டிற்குக் கொணர்ந்தபோது அம்மீன் அழகிய மங்கையாயிற்று. அவள் அவனுக்கு மனைவியாக இசைந்தாள். ஆயின், தான் மீனாயிருந்த செய்தியை ஒருபோதும் எவர்க்கும் உரைத்தலாகாதென உறுதிமொழி பெற்றாள். இல்லறம் இனிது நடந்தது. சமோசிர் என்னும் மகன் பிறந்தான். அவன் எவ்வளவு உண்டாலும் பசி தீராதவன். ஒருநாள் வயலில் உழைக்குந் தந்தைக்குச் சோறு கொண்டு செல்லும்படி தாய் அவனை அனுப்ப, அவன் வழியிலேயே அதனைப் பெரும்பாலும் உண்டுவிட்டான். பசியால் வாடிய தந்தை, வெற்றுக் கலத்தைக் கண்டு சினந்து, மகனை அடித்து, ‘மீனுக்குப் பிறந்தவனே’ என்று ஏசினான். மகன் அழுதுகொண்டு தாயிடம் ஓடி, அச்சொல் மெய்யோ என வினவினான். அவள் அவனை உயர்ந்த குன்றின்மேல் ஏறிக்கொள்ளச் சொன்னாள். பின்னர் மழை பொழிந்தது. நிலத்தினின்று ஊற்றுக்கள் பொங்கின. பள்ளத்தாக்கு முழுதும் நீரில் ஆழ்ந்தது. அவள் மீண்டும் மீனாகி அந்நீரிற் புக்காள். நீர்ப்பரப்புத் தந்தையின் பெயரையும், தீவு மகன் பெயரையும் பெற்றன.

நிலநூலார் கூறும் வரலாறு இதனின் முற்றும் வேறு. 1853-ஆம் ஆண்டில் பத்தாக் மொழியை ஆராயச் சென்ற வான் டெர் டூக் என்னும் ஒல்லாந்த அறிஞரே இவ்வேரியைக் கண்ட முதல் ஐரோப்பியர் என்பர். இது எரிமலை வெடித்துக் குழிந்த பெருங்கொப்பரை யென்பதை 1939-ஆம் ஆண்டில் வான் பெம்மெலன் என்னும் நிலநூல் அறிஞர் விளக்கினார். சுமத்திராவின் மேல்கடலடியிலே நிலத்தட்டு ஒன்று மற்றொன்றின்கீழ் அமிழ்ந்து செல்கின்றது. அதனால் ஆழத்தே பாறை உருகித் திரள்கின்றது. அங்ஙனந் திரண்ட குழம்பு ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து வெளிப்பட்டது. வெளிப்பட்ட பொருளின் அளவு ஏறக்குறைய 2,800 கன கிலோமீட்டர் எனக் கணித்துள்ளனர். உலகையே நடுங்கச் செய்த 1883-ஆம் ஆண்டின் கிராக்கத்தோவா வெடிப்பில் வெளிப்பட்டது 20 கன கிலோமீட்டர் அளவே யென்பதை நோக்கின், இதன் பெருமை ஒருவாறு புலப்படும். உள்ளிருந்த குழம்பு வெளியேறவே, மேலிருந்த நிலம் தாங்குவாரின்றிக் கீழே இறங்கிற்று. அப்பள்ளத்தில் மழைநீரும் ஓடைநீரும் நெடுங்காலம் சேர்ந்து ஏரியாயிற்று. பின்னர் அடியினின்று குழம்பு மீண்டும் மேலெழுந்து தள்ள, ஏரியின் தரையே உயர்ந்து சமோசிர் தீவாயிற்று. தீவின் மேற்பரப்பில் ஏரிவண்டற் படிவுகள் இன்றுங் காணப்படுதல் இதற்குச் சான்று.

அவ்வெடிப்பின் சாம்பல் நம் நாட்டிலும் வந்து வீழ்ந்தது. ஆந்திர நாட்டில் சுவாலாபுரம் என்னுமிடத்தில் அச்சாம்பற் படிவின் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. 2007-இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. வெடிப்பினால் மனிதகுலமே அழியும் நிலையை எய்திற்றென ஒரு கொள்கை முன்னர்ப் பெரிதும் பேசப்பட்டது. இத்தகைய சான்றுகளால் அது இப்பொழுது ஐயத்திற்கு இடமாயிற்று.

இவ்விடத்தேதான், கதையினுள் விஞ்ஞானங் காண்பார் முன்வருகின்றனர். பத்தாக் மக்களின் முன்னோர் அவ்வெடிப்பைக் கண்ணாற் கண்டு, அந்நினைவையே மீன்மகள் கதையாகப் போற்றி வந்தனரென்பது அவர் கூற்று. கேட்டற்கு இனிதாயினும் இது பொருந்தாது. பத்தாக் மொழியின் இனத்தைச் சேர்ந்த மொழிகளைப் பேசினோர் சுமத்திராவிற் குடியேறியது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே. எழுபதினாயிரம் ஆண்டு இடைவெளியை எந்நினைவும் தாண்டாது. மேலும், கதையில் நெருப்பில்லை, சாம்பலில்லை, பகலை மறைத்த இருளில்லை, இடிபோன்ற முழக்கமுமில்லை. நீர் மட்டுமே உளது. ஏரியின் பெயரையும் தீவின் பெயரையும் தந்தைக்கும் மகனுக்கும் இட்டிருத்தலை நோக்கின், ஏரியையும் தீவையும் நாடோறுங் கண்டு வாழ்ந்தோர் பின்னர்ப் புனைந்த கதை இஃதென்பது தெளிவாகும்.

கதைகள் ஒருபோதும் கண்கண்ட சான்றாகா என்று யாம் கூறவில்லை. வட அமெரிக்காவில் ஆரெகன் மாகாணத்துக் கிரேட்டர் ஏரியும் இத்தகைய எரிமலைக் கொப்பரையே. மசாமா என்னும் மலை ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உட்குழிந்தமையால் அஃது உண்டாயிற்று. ஆங்கு வாழுங் கிளாமத் மக்கள், கீழுலகத் தலைவனாகிய லாவோவும் மேலுலகத் தலைவனாகிய ஸ்கெல்லும் மலைமீது நின்று நெருப்பும் பாறையும் எறிந்து பொருதனரென்றும், தோற்ற லாவோவின்மேல் மலை இடிந்து வீழ்ந்ததென்றும், அக்குழியைப் பின்னர் நீர் நிரப்பிற்றென்றும் கூறுகின்றனர். நெருப்பும், மலையின் வீழ்ச்சியும், நீரும் முறைபிறழாது இக்கதையில் வருகின்றன. அன்றியும், 1938-இல் அந்நாட்டிலுள்ள குகையொன்றில், அம்மலை உமிழ்ந்த சாம்பலின் கீழே மனிதர் பின்னிய காலணிகள் கண்டெடுக்கப்பட்டன. வெடிப்புக்கு முன்னரே மக்கள் அந்நாட்டில் இருந்தனரென்பது இதனாற் பெறப்படும். ஆகவே அக்கதை ஒரு பழநினைவென்று கொள்ளுதற்கு இடமுண்டு. ஓரிடத்துப் பொருந்துவதை எல்லாவிடத்தும் பொருத்துதல் ஆராய்ச்சியாகாது. காலம் ஒத்து வருகின்றதா, கதையின் உறுப்புக்கள் நிகழ்ச்சியின் உறுப்புக்களோடு இயைகின்றனவா என்று இரண்டையும் நோக்கியே துணிதல் வேண்டும்.

அங்ஙனமாயின், தோபாக் கதை வெறும் பொய்யோ எனின், அன்று. அது நிலத்தைப்பற்றிய கதையன்று, மக்களைப்பற்றிய கதை. பத்தாக் மக்கள் தம் சமுதாய ஒழுங்கை அடுப்பின் மூன்று கற்களுக்கு ஒப்பிட்டுக் கூறுவர். மூன்று கல்லும் நிலைபெற்றாலன்றிச் சோறு வேகாதென்பதை நம் நாட்டுத் தாய்மாரும் நன்கறிவர். பெண் கொடுத்த குடியினரை வணங்குதல், பெண் கொண்ட குடியினரை அன்பொடு பேணுதல், உடன்பிறந்த குடியினரிடத்து விழிப்பொடு நடத்தல் என்பனவே அம்மூன்றும். மனைவி எக்குடியிற் பிறந்தாளோ அக்குடி, கணவனுக்கு வணங்கத்தக்க குடி. இம்முறையை உள்ளத்திற் கொண்டு கதையை மீண்டும் நோக்குக. மீன்மகளுக்குத் தந்தையில்லை; உடன்பிறந்தாரில்லை; தனக்காக வந்து கேட்கும் பிறந்தகம் இல்லை. அவளைக் காக்கக்கூடியது கணவன் கொடுத்த வாக்கு ஒன்றே. அவ்வாக்கை அவன் பசியின் கொடுமையால் உடைத்தான். அதுவும் குழந்தையை அடிக்கும்போது, அவன் பிறப்பைச் சொல்லி உடைத்தான். கேட்பாரற்ற பெண்ணுக்காக நிலமே எழுந்து கேட்டதென்பது கதையின் உட்பொருளாக எமக்குத் தோன்றுகின்றது.

அன்பினால் அறிந்த மறையைச் சினத்தினாற் படைக்கலமாக்குதல் இவ்வுலகிற் பெருவழக்காயுள்ள குற்றம். ஒருவர் பிறப்பை அவர் முகத்தெதிரே எடுத்தெறிந்து பேசும் வழக்கம் பத்தாக் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நம் தெருக்களிலும், நம் பள்ளிகளிலும், ஏன், நம் கல்லூரி விடுதிகளிலுங்கூட அச்சொல்லின் ஒலி அறவே அடங்கிவிட்டதென்று எவரும் நெஞ்சறியக் கூற இயலாது. இக்கதையை எரிமலைக் குறிப்பாகத் திரிப்போர், இதன் உயிரையே நீக்கிவிடுகின்றனர். வெடிப்பின் நினைவென்று கேட்டவன் வியந்து அகல்வான். இழிசொல்லின் பயனென்று கேட்டவன் தன் நாவைப்பற்றிச் சற்றே எண்ணுவான்.

அந்நாட்டிற்கும் நமக்கும் பண்டைத் தொடர்பு உண்டென்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. ஏரிக்கு மேற்கே கடற்கரையிலுள்ள பாரூஸ் துறைமுகம் கருப்பூரத்திற்குப் பேர்பெற்றது. அதனையடுத்த லோபு துவா என்னுமிடத்தில், கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஏரியின் வடக்கே வாழுங் காரோ மக்களுள் செம்பிரிங் என்னும் குடியினர்க்குச் சோலியா, பாண்டியா, பெலாவி எனக் கிளைப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கடல்கடந்து சென்றோர் அம்மக்களொடு கலந்து, அவர் குடிமுறையுள் ஒருவராயினரென்று அறிஞர் கருதுவர். வேற்றுநாட்டிற் பிறந்தாரைத் தம் குடியுட் சேர்த்துக்கொண்ட நாட்டில், பிறப்பைச் சொல்லி ஏசியவன் நீரில் மூழ்கிய கதை வழங்குதல் பெரிதும் பொருத்தமே.

ஆயினும், கதையை அதன் எல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்லுதலும் தீதாம். நீருக்குரிய தெய்வமாகச் சானியாங் நாகா என்னும் பெண்தெய்வத்தை அம்மக்களின் முன்னோர் போற்றினர். ஏரியின்மேற் செல்லுங்கால் தீய சொற் பேசலாகாதென்னும் வழக்கமும் உண்டு. இவ்வழக்கம் நன்றே. ஆனால் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள், சிமானிந்தோவினின்று திகராஸ் துறைக்குச் சென்ற சினார் பங்குன் என்னும் படகு புயற்காற்றில் மூழ்கிற்று. நாற்பதின்மர் அளவிற்கே இடமுள்ள அப்படகில் அதனினும் பன்மடங்கு மக்கள் ஏற்றப்பட்டிருந்தனர். பயணிகளின் பெயர்ப்பட்டியல் இல்லை. உயிர்காப்புச் சட்டைகளும் போதிய அளவில் இல்லை. நூற்றறுபதின்மருக்கு மேற்பட்டோர் மீளவே இல்லை. ஏறத்தாழ 450 மீட்டர் ஆழத்திற் கிடந்த படகை மேலெடுக்கவும் இயலவில்லை. இன்று திகராஸ் துறையில் அவர் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் நிற்கின்றது. இத்தகைய துயர் நேருங்கால், நீர்த்தெய்வம் சினந்ததெனக் கூறி அமைவார் உளர். துயருற்றார்க்கு அச்சொல் ஆறுதலாகலாம். அளவிறந்து ஏற்றினார்க்கும், அதனைக் கண்டும் தடுக்காதார்க்கும் அது கவசமாதல் கூடாது. மீன்மகள் கதையில் தண்டனை பெற்றவன் வாக்குத் தவறியவன். திகராஸ் துறையில் உயிரிழந்தோரோ யாதொரு வாக்கும் தவறியவரல்லர்.

ஏரியின் நிலையும் இவ்வாறே. கூண்டுகளில் மீன் வளர்க்குந் தொழில் அந்நீரின்மேல் அளவின்றிப் பெருகிற்று. இட்ட இரையின் எச்சமும் மீன்களின் கழிவும் நீரிற் சேர, 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் காரங்கோல் வளைகுடாவில் உயிர்வளி குன்றி ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீன்கள் மாண்டு மிதந்தன. 2018-இலும் வேறோரிடத்தில் இவ்வாறு நேர்ந்தது. அந்நாட்டிற்கே உரிய ‘இகான்’ என்னும் மீன், மணவினை முதலிய சடங்குகளில் வாழ்த்தொடு படைக்கப்பட்டு வந்தது. இப்பொழுது அது அரிதாகிவிட்டமையால், அதன் இடத்தில் வளர்ப்புக் கெண்டையே படைக்கப்படுகின்றது. மீனைத் தாயெனப் பாடும் ஏரியில் மீன் வாழ இடமின்றிப் போதல் இரங்கத்தக்கது. கூண்டு வைத்தோர் பெரும்பாலும் வேறு பிழைப்பின்றித் தவிக்கும் எளியோர் என்பதையும் மறத்தலாகாது. அவர்க்கு மாற்றுத் தொழில் காட்டாமற் கூண்டுகளை மட்டும் அகற்றுதல் முறையன்று. 2020-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு மன்றம் இவ்வேரிப் பகுதியை உலக நிலவியற் பூங்காக்களுள் ஒன்றாக ஏற்றது. அப்பெருமைக்கு ஏற்ப நீரைக் காத்தல் ஆள்வோர்க்கும் கரைவாழ்வோர்க்கும், கண்டுகளிக்கச் செல்வோர்க்கும் ஒருங்கே கடனாம்.

இவற்றால் யாம் வற்புறுத்துவது இது. ஏரியின் வயதை நிலநூலாரிடம் கேட்க. அவர் அளந்து கூறுவர். ஏரியின் கதையை ஊராரிடம் கேட்க. அவர் வாழ்ந்து கூறுவர். அளந்ததை வாழ்ந்ததாகவும், வாழ்ந்ததை அளந்ததாகவும் மயங்கற்க. படகு கவிழ்ந்தாற் கதையைச் சாட்சிக்கு அழையாது, ஏற்றிய கணக்கைக் கேட்க. மீன் மாண்டால் தெய்வத்தின்மேற் பழி சுமத்தாது, நீரைச் சோதித்துப் பார்க்க. இழிசொல் நாவில் வரும்போது மட்டும், வயற்புறத்தே வெற்றுக் கலத்தொடு நின்ற தோபாவை நினைக்க.

விடுமுறைக் காலங்களில் மலைகளையும் ஏரிகளையும் நாடிச் செல்லும் நம் மாணவர்கள், நிழற்படங்களோடு மட்டும் திரும்பாது, அவ்வூர் மூதாட்டி ஒருத்தியின் வாயினின்று கதையொன்றைக் கேட்டு, அவள் கூறியவாறே எழுதிக் கொணர்வாராக. அக்கதைக்கு விளக்கந் தேடுதல் பிறகு ஆகட்டும். முதலில் அவள் சொல்லி முடிக்கும்வரை இடையிற் குறுக்கிடாது கேட்டல் வேண்டும்.